சொட்டுக் குழாய் கமிஷன்

ஜனவரி 11, ஞாயிறு

இன்று மாலை ஒரு நபர் விசாரணைக் கமிஷன் அமெரிக்காவில் கூடாரம் அடித்தது. அந்த ஒரு நபர், கோவில்பட்டி ஆவுடையப்பனாகிய நான். மின்வாரியத்தில் ஆயுள் முழுக்க ஃபைல் பார்த்துக் கண்ணாடி தடித்தவன். கமிஷனை நியமித்தவள் என் அக்கா பிரமாச்சி. விசாரணைக்குரிய பொருள்: அக்கா மகள் அரசி வேலை பார்க்கும் ஜூனிபர் வெல் என்ற இந்த ஊர், மனுஷன் வாழத் தக்கதா இல்லையா?

விஷயம் இதுதான். அரசி தான் வாடகைக்கு இருக்கும் வீட்டை விலைக்கு வாங்கப் போகிறாளாம். பிப்ரவரி ஒன்பதாம் தேதி கையெழுத்து. அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. தாயும் மகளும் போனில் ஒரு மாதம் போர் செய்து, கடைசியில் சமாதானத்துக்கு வந்தார்கள். மாமா போய்ப் பார்க்கட்டும். மாமா சரியென்றால் வீடு. வேண்டாமென்றால் வீடும் வேண்டாம், ஊரும் வேண்டாம். அரசி போர்ட்லண்ட் ஆபீசுக்கு மாற்றல் வாங்கிக்கொள்வாள். இரண்டு வல்லரசுகளும் என் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக வாக்குக் கொடுத்திருக்கின்றன.

வழியனுப்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் நல்லாப் பாரு ஆவுடை. ஊரை மட்டும் பாத்துட்டு வந்துராத" என்றாள். தண்ணீர், காற்று, அண்டை அயல் எல்லாம் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறாள் என்று குறித்துக்கொண்டேன். அவளுக்கு வேண்டிய தீர்ப்பு எது என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

விமான நிலையத்திலிருந்து அரசி காரில் கூட்டி வந்த வழியில் 'மெட்ராஸ்' என்று ஒரு பலகை. நிஜமாகவே அப்படி ஓர் ஊர் இங்கே இருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி அதன் கீழே நின்றேன். மீசை விறைத்து ஒடிந்து விழுந்துவிடும் போலிருந்தது. நானறிந்த மெட்ராஸில் யாருக்கும் இப்படி நேர்ந்ததில்லை.

அதைத் தாண்டினால் ஒரே வெளி. சாம்பல் நிறப் புதர், அங்கங்கே முறுக்கிக்கொண்டு நிற்கும் ஜூனிபர் மரம். நம்ம கரிசல் காட்டை யாரோ நாலாயிரம் அடி தூக்கி, ஃப்ரிட்ஜுக்குள் வைத்து மூடியது மாதிரி. கார் கதவைத் தொட்டதும் சுரீர் என்று ஷாக். மின்வாரியத்தில் அத்தனை வருஷமும் வாங்காத ஷாக்கை இந்த ஊர் வாசலிலேயே கொடுத்துவிட்டது.

"காத்துல ஈரமே இல்ல மாமா, அதான். பழகிரும்" என்றாள் அரசி.

ஒரு கருத்து, ஊருக்கு எதிராகப் பதிவு.

ஜனவரி 12

மூக்கில் ரத்தம். உதடு, ஐப்பசிக்கு முந்தின கண்மாய் மாதிரி வெடித்துக் கிடக்கிறது. இரவு படுக்கும்போது என் எடையில் பாதி நீர் ஆவியாகிப் போய்விட்டதென்று நினைக்கிறேன். அரசி ஒரு டப்பா களிம்பு கொடுத்தாள். மாடுகளின் மடிக்குப் பூசுகிற களிம்பாம், இங்கே எல்லோரும் உதட்டுக்கும் பூசுவார்களாம். பூசினேன். யாரிடமும் சொல்வதாக இல்லை.

அரசியின் உத்தியோகம் இன்றுதான் எனக்கு விளங்கியது. பனிக்காலம் முழுக்க மலையில் ஏறி, நீளக் குழலைப் பனியில் குத்தி, எவ்வளவு பனி கிடக்கிறது என்று அளக்கிறாள். அந்தப் பனி உருகித்தான் கோடையில் இந்த ஊருக்குத் தண்ணீர். கோவில்பட்டியில் பெய்வதில் பாதிகூட இங்கே பெய்யாதாம்.

"அப்போ நம்ம ஊருக்கு இது தம்பி ஊரு."

"ஆமா மாமா. அதான் எனக்குப் பிடிச்சுப்போச்சோ என்னமோ."

ஜனவரி 14

இந்த ஊர் ஜனங்களைப் பற்றி ஒரு சந்தேகம். உடம்பு உறையும் குளிரில் கிழவன், கிழவி, கைக்குழந்தை எல்லோரும் வெளியே நடக்கிறார்கள். வேலையாக அல்ல, சும்மா. காலில் டென்னிஸ் மட்டை மாதிரி எதையோ கட்டிக்கொண்டு பனியில் போகிறார்கள். பாறையில் தொங்குகிறார்கள். வீட்டுக்குள் என்ன குறை என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

இன்னொரு விசித்திரம். வீட்டுக்கு வீடு முன்கதவுப் பக்கம் ஆணியில் இரண்டு மூன்று ஜோடி சறுக்குச் செருப்பு, அடியில் கத்தி வைத்தது, தொங்குகிறது. அத்தனையும் தூசி. அரசியிடம் கேட்டேன்.

"ஊருக்கு வெளிய ஒரு குளம் உண்டு மாமா. உறைஞ்சா அங்கதான் எல்லாரும் சறுக்குவாங்க. வரவர பனி கம்மி. குளம் வத்தி மூணு வருஷமாச்சு."

வற்றின குளத்தைப் பார்க்கப் போனோம். மூன்று வருஷத்துப் புல். நடுவில் ஒரு பெஞ்சு, உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொள்வதற்கு. பெஞ்சு மட்டும் இன்னும் காத்திருக்கிறது. நான் கோவில்பட்டிக்காரன், வற்றின குளம் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் ஏனோ அந்தப் பெஞ்சைத் துண்டால் தட்டித் துடைத்துவிட்டு வந்தேன். உட்கார ஆளில்லாத பெஞ்சில் தூசி மட்டும் எதற்கு?

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். இங்கே கும்பிட மாடு இல்லை, மாட்டு டாக்டர் இருக்கிறார். எதிர் வீடு. பெயர் ரஸ்ஸல். நேற்றைய சர்க்கரைப் பொங்கலை அரசி ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரங்கதானே மாமா, ஒரு மரியாதைக்கு."

நல்ல பழக்கம். எதிர் வீடு இருபது தப்படி. மரியாதைக்குப் போனவள் திரும்பி வருவதற்குள் நான் மதியச் சாப்பாடு முடித்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்துவிட்டேன். பனியில் நடை மெதுவாகத்தானே இருக்கும்.

ஜனவரி 18

மழைக்கு ஒதுங்கிய பூனை மாதிரி வீட்டுக்குள்ளேயே ஆராய்ச்சி.

அலமாரியில் ஒரு தகர டப்பா நிறைய பிஸ்கட். எலும்பு வடிவம். காபிக்கு நாலு தின்றேன். உப்பு மட்டு, இனிப்பே இல்லை, ஆனால் நல்ல உறுதி. நம்ம பல்லுக்கு ஏற்றது.

வாசலில் ஒரு ஜோடி பனி பூட்ஸ். என் இரண்டு காலையும் ஒன்றிலேயே விட்டுவிடலாம். அரசியின் கால் அவள் அம்மா மாதிரி, சின்னக் கால்.

"ஏட்டி, இது யாரு பூட்ஸ்?"

"அது... கெஸ்டுக்கு மாமா. யாராச்சும் வந்தா."

விருந்தாளிக்குச் செருப்பு வாங்கி வைத்துக் காத்திருக்கும் ஊரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ஊருக்குச் சாதகமாக ஒரு கருத்து.

ஜனவரி 21

இன்று ரேடியோவில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு என்றான். வந்ததிலிருந்து இதுதான் பெரிய குளிர். அரசி மதியம் மலைக்குப் புறப்பட்டாள். இரவு அங்கே குடிசையில் தங்கல், நாளை சாயங்காலம் வருவாள்.

"ஹீட்டரைக் கொறைக்காதீங்க மாமா. கதவைத் தெறந்து போடாதீங்க. எதும் அவசரம்னா எதிர் வீட்ல ரஸ்ஸல் இருக்காரு. நம்பரு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு."

"நான் தனியா இருக்க மாட்டேனா? ஒரு சப்ஸ்டேஷனையே தனியாக் காத்தவன் நான்." (ஒரே ஒரு நாள். அதுவும் பகல்.)

இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு கழுவப் போனால், சமையலறைக் குழாய் ஒரு நூல் கனத்துக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது. பாவம், கிளம்புகிற அவசரத்தில் சரியாக மூட மறந்துவிட்டாள். அதுவும் தண்ணீரை அளக்கிற உத்தியோகத்தில் இருப்பவள்! எங்கள் தெருவில் பத்து நாளைக்கு ஒரு தரம் குழாயில் தண்ணீர் வரும். ஒரு குடத்துக்காக அக்கா, ஊர்ப் பெரிய மனுஷன் சம்சாரத்தின் கொண்டையைப் பிடித்தவள். சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பவன் எங்கள் வம்சத்தில் பிறந்ததில்லை.

இறுக்கி மூடினேன். துணி சுற்றி இன்னொரு திருகும் கொடுத்தேன். பாத்ரூமிலும் அதே கதை, அங்கேயும் மூடினேன்.

ஒரு பாலைவனத்தைக் காப்பாற்றிவிட்டுப் படுக்கப் போகிறேன்.

ஜனவரி 22

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. இங்கு வந்து முதல்முறையாக ஊர் ஞாபகம் வந்தது.

பாட்டிலில் இருந்த தண்ணீரில் காபி போட்டுக் குடித்தேன். வெயில் ஏறியதும் உலாவப் போனேன். நல்ல வெயில். நீலமென்றால் நீலம், நீலத்தையே துவைத்துக் காயப் போட்ட மாதிரி வானம். மதியம் திரும்பி வந்தால், சமையலறைச் சுவரின் வெளிப்புறத்திலிருந்து குற்றாலம் கொட்டுகிறது!

எழுதும்போது கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கலாம். ஐந்தருவியில் ஓர் அருவி என்று வைத்துக்கொள்ளலாம். சுவரைப் பிளந்து, பக்கத்தில் கோடையில் உருளைக்கிழங்கு போடுகிற பள்ள நிலத்தில் விழுந்து பரவிக்கொண்டிருந்தது. ஒரு வாளியைக் கொண்டு வந்து கீழே வைத்தேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிறகு எதிர் வீட்டுக்கு ஓடினேன். பாதி வழியில் வழுக்கி, மீதி வழியைத் தவழ்ந்தேன்.

ரஸ்ஸல் என்பவர் ஏழடி உயரம். சரி, ஆறேகால். சாம்பல் தாடி, நாற்பது வயது. கூடவே கன்றுக்குட்டி அளவில் ஒரு கறுப்பு நாய், பெயர் பெப்பர். ரஸ்ஸல் எட்டி நடந்து வந்து, பனிக்குள் கையை விட்டு ஓர் இரும்பு மூடியைத் தேடாமலே தூக்கி, வால்வைத் திருகினார். குற்றாலம் நின்றது. வீட்டுக்குள் வந்தார். மேல் தட்டில் கை நீட்டி டார்ச் எடுத்தார். மூன்றாவது டிராயரைத் திறந்து துணி எடுத்துத் தரையைத் துடைத்தார். நான் வந்து பன்னிரண்டு நாளாகிறது, டார்ச் எங்கே இருக்கிறதென்று எனக்கு இன்றுதான் தெரியும்.

பெப்பர் நேரே அலமாரியடிக்குப் போய் உட்கார்ந்து, பிஸ்கட் டப்பாவைப் பார்த்து வாலாட்டியது. ரஸ்ஸல் ஒன்று எடுத்துப் போட்டார்.

நான் தின்ற நாலைப் பற்றி மேற்கொண்டு எதுவும் பதிவு செய்ய விரும்பவில்லை.

கடைசியாக அவர் சமையலறைக் குழாயடிக்குப் போனார். நான் சுற்றிய துணி இன்னும் அதன் கழுத்திலேயே இருந்தது. துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவிழ்த்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு, குழாயை லேசாகத் திறந்து விட்டார்.

"பெருங்குளிர் வந்தால் இங்கே தண்ணீரை ஓட விட வேண்டும். ஓடும் தண்ணீர் லேசில் உறையாது. நின்றால் உறைந்து பைப் வெடித்துவிடும்" என்றார், நிதானமாக, நான் அதைப் பற்றிக் கேட்டது மாதிரி.

சாயங்காலம் அரசி வந்ததும் பதறினாள்.

"சொட்ட விட்டுட்டுத்தானே போனேன்? எப்படி உறைஞ்சது?"

நான் அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரஸ்ஸல் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "இந்த வருஷக் குளிர் அப்படி, அரசி. பழைய பைப்."

அவள் பெயரின் ரகரத்தை அவர் சரியாகச் சொன்னார். வெள்ளைக்கார நாக்குக்கு அது வருமென்று நான் நினைக்கவில்லை.

ஜனவரி 23

அக்காவுக்குப் போனில் நடந்ததைச் சொன்னேன். பைப் வெடித்த பகுதியை மட்டும்.

"அப்போ வீடு ஆகாதுன்னு சொல்லிறலாம்லா?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"அவசரப்படாத. இன்னும் பாரு" என்றாள். ஆச்சரியம். தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்த காரணத்தை வேண்டாமென்கிறாள்.

அரசி நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ரஸ்ஸல் பைப்பை மாற்றி அடைத்த சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். "மாமா, இதை வச்சு ஊரையே வேண்டாம்னுருவீங்களா?" என்று கேட்டாள். கமிஷன் நடக்கும்போது கருத்துச் சொல்லக் கூடாதென்று சொல்லித் தப்பித்தேன். அவள் முகம் வாடியதைக் குறிப்பில் சேர்க்கவில்லை. சேர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

ஜனவரி 25

உருளைக்கிழங்குப் பள்ளம் உறைந்துவிட்டது! கண்ணாடி மாதிரி. காலையில் எட்டிப் பார்த்தால் ஒரு கிழவி, எழுபது வயதுக்குக் குறையாது, ஆணியில் தொங்கிய சறுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு அதில் தனியாக வட்டமடிக்கிறாள்! யாரிடமும் கேட்கவில்லை. கேட்கும் பொறுமை இல்லை போலும்.

மத்தியானத்துக்குள் பத்துப் பேர். சாயங்காலம் ஊரே வந்தது. தீயணைப்பு வண்டிக்காரர்கள், டாங்கியில் மாற்ற வேண்டிய பழைய தண்ணீரைக் கொண்டு வந்து ஓரங்களில் ஊற்றிப் பள்ளத்தைப் பெரிதாக்கினார்கள். வற்றின குளத்துப் பெஞ்சை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கரையில் போட்டார்கள்.

எல்லோரும் எனக்குக் கை கொடுக்கிறார்கள். வீட்டில் விருந்தாளியாக வந்தவர் செய்த ஏரி என்று செய்தி பரவியிருக்கிறது. நான் மறுக்கவில்லை. நீர்நிலை வெட்டிய வரிசையில் சோழ மன்னர்களுக்கும் பாண்டியர்களுக்கும் அடுத்தபடி என் பெயர் வரும். ஏரியின் பரப்பு: ஷட்டில் ஆடும் மைதானம் இரண்டு.

ஜனவரி 28

சறுக்கினேன்.

விழுந்தேன் என்றும் சொல்லலாம்.

பிப்ரவரி 1

இப்போது நாற்காலி வைத்துப் பழகுகிறேன். புதியவர்கள் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தள்ளியபடி சறுக்கலாம். சின்னப் பிள்ளைகளும் நானும்தான் நாற்காலி வகுப்பு. நான்கு வயதுப் பெண் ஒருத்தி என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பின்னால் திரும்பி இரக்கத்தோடு பார்க்கிறாள்.

மூக்கில் ரத்தம் வருவதில்லை. எப்போது நின்றதென்று தெரியவில்லை. பசி ராட்சசப் பசி. இரவில் வானத்தில் நட்சத்திரம் அரிசி கொட்டிய மாதிரி.

இன்று அரசி என்னைக் கூப்பிட வெளியே வந்தாள். பெப்பர் துள்ளி வந்து அவள் மேல் இரண்டு காலையும் போட்டது. அவள் அதன் காதைக் கோதிவிட்டாள். ஆறு வயதில் தெரு நாய் துரத்தி, கட்டில் மேல் ஏறி, ஒரு பகல் முழுக்க இறங்க மாட்டேன் என்று அழுத பிள்ளை இவள். பெரியவளான பிறகும் நாய் நிற்கிற தெருவில் நடக்க மாட்டாள்.

உயரமான இடத்துக் காற்றில் பயம் தெளியும் போலிருக்கிறது. விஞ்ஞானிகள் ஆராய வேண்டிய விஷயம்.

பிப்ரவரி 7

இன்று ஏரியில் நல்ல கூட்டம். என் நாற்காலியோடு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றேன். அரசியும் ரஸ்ஸலும் கை கோத்துச் சறுக்கிக்கொண்டு வந்தார்கள். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. ஒருத்தர் காலுக்கு மற்றவர் கால் தன்னால் இடம் விட்டது. என்னைக் கண்டதும் அவள் சட்டென்று கையை உதறினாள். அவர் தடுமாறி விழுந்தார்.

நான் ஒன்றும் பார்க்கவில்லை. நாற்காலியின் பின்புறத்தில் ஒரு திருகு ஆடியது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

தீர்ப்பு நாள். காலை காபி முடிந்ததும் போன் போட்டேன். கோவில்பட்டியில் ராத்திரி. அரசி அடுத்த அறையில், கையெழுத்துப் போடப் போகிற உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். பேனா கூட கையில் எடுக்கவில்லை.

"சொல்லுடே. அங்க மனுஷன் இருக்க முடியுமா?"

கமிஷன் தொண்டையைச் செருமியது. "அக்கா, காத்துல ஈரம் கிடையாது. கார் ஷாக் அடிக்கி. உதட்டுக்கு மாட்டுக் களிம்பு. சுவரு வெடிச்சுக் குற்றாலம் கொட்டுது. இந்த ஊர்ல..."

"இந்தக் கதையெல்லாம் வுடு. இருக்கலாமா, கூடாதா?"

"இருக்கலாம்க்கா."

கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாக, "அவன் எப்படிடே?" என்று கேட்டாள்.

"எவன்?"

"என்ன எவன்? ஒரு வருஷமா போன்ல அவ பேசுத சத்தத்துக்குப் பின்னால ஒரு நாய் கொரைக்கி. நாயைக் கண்டா கட்டில் மேல ஏறுத பிள்ளை. நாய் தானாவா வீட்டுக்குள்ள வரும்? ஒன்னைய ஊரைப் பாக்கவா அம்புட்டுத் தூரம் அனுப்புனேன்?"

நானும் ஒரு விசாரணைக் கமிஷன்! அறிக்கை தயாராகும் முன்பே கோவில்பட்டியில் வாசித்து முடித்துவிட்டார்கள். ஏதாவது சொல்லி மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.

"நல்லவன்க்கா. ஒரு ஆளு தப்புப் பண்ணினா, காட்டிக் கொடுக்க மாட்டான்."

"எந்த ஆளு?"

"பொதுவாச் சொல்லுதேன்."

"என்ன உத்தியோகம்?"

"மாட்டு டாக்டர்."

கொல்லையில் மாடு கத்துவது போனில் கேட்டது.

"சிவப்பி நாலு நாளா சரியாத் திங்க மாட்டேங்கா" என்றாள் அக்கா. "என்னன்னு அவன்ட்ட கேட்டுச் சொல்லு." போனை வைத்துவிட்டாள்.

அறைக் கதவு திறந்திருந்தது. அரசி நின்றுகொண்டிருந்தாள், கண்ணெல்லாம் நீர். இந்த ஊரில் ஈரமே இல்லையென்று யார் சொன்னது?

"உங்கட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன் மாமா. பயமா இருந்துச்சு."

"எனக்கும் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அந்தக் குழாயை..."

"தெரியும். துணி சுத்துறது அம்மா பழக்கம். மடிச்ச துணியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு." சிரித்தாள். "முத வருஷம் நானும் இதேதான் செஞ்சேன் மாமா. சொட்டுதேன்னு இறுக்கி மூடிட்டுப் படுத்தேன். மறுநாள் இதே சுவரு, இதே குற்றாலம். வாளி கூட வச்சேன். எதிர் வீட்லேருந்துதான் ஓடி வந்தாரு. அவரை எனக்கு எப்படித் தெரியும்னு நினைக்கீங்க?"

பிறகு அவள் கையெழுத்துப் போடப் புறப்பட்டாள். வாசலில் அந்தப் பெரிய பூட்ஸ் இல்லை. போட்டுக்கொண்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார் அதன் சொந்தக்காரர். மாமன் என்ற முறையில் அருகே போய், சிவப்பியின் தீனி விவரத்தை விரிவாகச் சொன்னேன். குறிப்பெடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ரேடியோவில் மறுபடியும் பெருங்குளிர் என்றான். சமையலறைக் குழாயை நானே திறந்தேன். நூல் கனம். கையை எடுக்க மனம் வரவில்லை. வம்சம் முழுக்கப் பின்னால் நின்று முறைப்பது தெரிந்தது.

கீழே ஒரு பானையை வைத்தேன். காலையில் அது நிறைந்திருக்கும். கொண்டு போய் ஏரியில் ஊற்ற வேண்டும். கரையோரம் கொஞ்சம் பள்ளமாக இருக்கிறது, நாற்காலி இடறுகிறது.